கரையை விட்டகலாத கப்பல்

கடற்பிரயாணம் என்றதும், கரை மறைந்து நாற்புறமும் நீரே தெரியும் தோற்றம் நம் மனத்தில் எழுவது இயல்பு. ஆனால், நேயர்களே, பன்னிரண்டு நாட்கள் கடலிற் சென்றும் பெரும்பாலும் கரையைக் கண்பார்வையில் வைத்துக்கொண்டே செல்லும் கப்பல்களும் உலகில் உண்டு. நோர்வே நாட்டிலே, பேர்கன் நகரிற் புறப்பட்டு, ருஷ்ய எல்லையை அடுத்த கிர்க்கனெஸ் வரை சென்று மீளும் கரையோரக் கப்பல்களே அவை. வழியில் 34 துறைகள். போக வர ஏறக்குறைய 2,500 கடல் மைல்கள். ஒரு யூன் மாதத்தில் நாமும் அவற்றுள் ஒன்றிற் சென்று வந்தோம். மலைகளையும் அருவிகளையும் பற்றி எழுதுவோர் பலருளர். கப்பலுக்குள்ளே மனிதர் நடத்தும் வாழ்க்கையைப் பற்றியே இவ்வாரம் சில சொல்ல விழைகின்றோம்.

இக்கப்பற் சேவை உல்லாசப் பிரயாணிகளுக்காகத் தோன்றியதன்று. முன்னாளில் துரொண்ட்ஹைம் நகரிலிருந்து வடகோடியிலுள்ள ஹம்மர்பெஸ்டுக்கு ஒரு கடிதம் போய்ச் சேரக் கோடையில் மூன்று வாரமும், மாரியில் ஐந்து மாதம் வரையும் சென்றனவாம். பாறைகள் மலிந்த அக்கடலில் இரவிற் கப்பலோட்ட எவரும் துணியவில்லை. றிச்சார்ட் வித் என்னும் கப்பற்றலைவர், திசையறி கருவியையும் கடிகாரத்தையும் துணைக்கொண்டு தாம் பல காலம் குறித்து வைத்த வழிக்குறிப்புகளை நம்பி, 1893ஆம் ஆண்டு யூலை 2ஆம் திகதி 'வெஸ்தெறோலன்' என்னும் நீராவிக் கப்பலைச் செலுத்தினார். மூன்று நாட்களுக்குள் அது ஹம்மர்பெஸ்டை அடைந்தது. 'விரைவு வழி' என்பதே அச்சேவைக்கு இடப்பட்ட பெயர். அன்று விரைவுக்காகப் போற்றப்பட்ட அதே வழியை இன்று மக்கள் நாடுவது அதன் மந்தகதிக்காக. காலத்தின் விந்தைதான் என்னே!

கப்பலில் முதலிரு நாட்களும் எல்லோரும் ஒருவகைப் பரபரப்புடனேயே காணப்படுவர். எந்தத் துறை எத்தனை மணிக்கு வரும், எந்தப் பக்கம் நின்றால் மலை தெரியும் என்பதே பேச்சு. சில துறைகளிற் கப்பல் சில மணி நேரம் தங்கும். பலவற்றில் கால் மணி நேரந்தான். பிந்தி வந்தவருக்காக அது காத்திராது. அட்டவணையே அங்கு அரசன். நள்ளிரவில் ஒரு துறையை அணுகும்போது இயந்திரத்தின் ஒலி மாறும்; கட்டில் அதிரும்; சரக்கு இறக்கும் வண்டிகளின் ஓசை கேட்கும். புதிதாய் வந்தவர் திடுக்கிட்டு எழுவர். நான்காம் நாளிலோ அவ்வோசை கேளாவிடிற்றான் விழிப்பு உண்டாகும். வடக்கே செல்கையில் இரவிற் கடந்த துறைகள் பல, தெற்கே திரும்புகையிற் பகலில் வரும்படி அட்டவணை அமைந்திருக்கின்றது. உறங்கியவருக்கும் நட்டமில்லை.

ஆர்க்டிக் வட்டத்தைக் கடக்கும் காலையில் மேற்றளத்தில் ஒரு வேடிக்கை நடைபெறும். கடலரசன் வேடம் பூண்ட ஒருவர், விரும்பியோரின் பிடரி வழியே பனிக்கட்டி கலந்த நீரை ஊற்றுவார். பெரிய உத்தியோகத்திலிருந்து இளைப்பாறியோரும் சிறுபிள்ளைகளைப் போல் அலறிக்கொண்டு ஓடுவதைக் காணலாம். திரும்பி வருகையில் கரண்டியளவு மீனெண்ணெய் பருகவேண்டும். சிறு வயதில் தாயார் மூக்கைப் பிடித்து மீனெண்ணெய் பருக்கிய அனுபவமுடைய நம் நேயர்களுக்கு இது புதுமையாய்த் தோன்றாது.

அப்பால், சூரியன் மறையாத தேசம். ஹொன்னிங்ஸ்வோக் துறை ஏறக்குறைய 71ஆம் பாகையில் உள்ளது. அதனையடுத்த வடமுனையில் மே நடுப்பகுதி முதல் யூலை இறுதி வரை கதிரவன் அடிவானத்தின் கீழ் இறங்குவதில்லை. இரவு பதினொரு மணிக்கு வெயில் காய்பவரும், அதிகாலை இரண்டு மணிக்குக் கடிதம் எழுதுபவரும் கப்பலில் இருந்தனர். உறக்கம் கெட்டது, ஆனால் மனிதர் மனம் திறந்து பேசத் தொடங்கியதும் அங்கேதான்.

நாம் உணவருந்திய மேசையில் ஒரு வயோதிகத் தம்பதியர் அமர்ந்திருந்தனர். முதலிரு நாட்களும் இருவரும் ஒரு வார்த்தையேனும் பேசிக்கொள்ளவில்லை. கணவர் ஓயாது படம் பிடித்துக்கொண்டிருந்தார். மனைவி கம்பளி பின்னிக்கொண்டிருந்தார். நாற்பதாண்டுகள் ஒரே வீட்டில் வாழ்ந்தும், தோட்டமும் தொழிலும் பிள்ளைகளும் இடையில் நின்றமையால், ஒருவரையொருவர் தனித்து நோக்கும் தேவை அவர்களுக்கு ஏற்பட்டதில்லை போலும். கப்பலறையோ சிறிது, ஒளிந்துகொள்ள இடமில்லை. ஆறாம் நாள், துரோல் பியோர்டை நாம் கடந்து நெடுந்தூரம் வந்தபின், அவ்வம்மையார் கணவரை நோக்கி, அந்த மலையிடுக்கின் பாறை என்ன நிறம் என்று வினவினார். அவர் படத்தைத் தேடத் தொடங்கினார். "படத்தைக் கேட்கவில்லை, உங்களைக் கேட்கின்றேன்" என்றார் அம்மையார். வாயிலில் நூறு மீற்றர் அகலமே உள்ள அவ்விடுக்கினுள்ளே கப்பல் நுழைந்து, நின்ற இடத்திலேயே சுழன்று திரும்பிய அற்புதத்தை அவர் கருவியின் துவாரத்தினூடாகவே கண்டிருந்தார். அன்று மாலை படக்கருவி அறையிலேயே தங்கிவிட்டது. இருவரும் கம்பளிப் போர்வையொன்றைச் சேர்த்துப் போர்த்தபடி மேற்றளத்தில் அமர்ந்திருந்ததைக் கண்டோம்.

இவ்வளவும் காட்சி காணச் சென்றோரின் கதை. அதே கப்பலில் வேறொரு கூட்டமும் உண்டு. ஒரு துறையில் ஏறி அடுத்ததில் இறங்கும் ஊரவர் அவர்கள். நமக்கு உல்லாசக் கப்பல். அவர்களுக்கு அது 'பஸ்' வண்டி. மகப்பேற்றுக்காக வைத்தியசாலைக்குச் சென்ற மகளைப் பார்க்கச் செல்லும் தாயொருத்தி, சன்னலுக்கு வெளியே மலைகள் பொன்னாய் மின்னியும் ஒருமுறையேனும் தலை நிமிராமல், கடிகாரத்தையே நோக்கிக்கொண்டிருந்தாள். நாம் அழகு என்பதை அவள் தூரம் என்கிறாள்.

அக்கரையின் வரலாறும் அழகானதன்று. 1944ஆம் ஆண்டு பின்வாங்கிய ஜேர்மன் படையினர் பின்மார்க் மாகாணத்து ஊர்களைத் தீக்கிரையாக்கினர். ஹொன்னிங்ஸ்வோக்கில் தேவாலயமொன்றே எஞ்சியது. நாம் படம் பிடிக்கும் வண்ண வீடுகளெல்லாம் சாம்பலின்மேல் எழுந்தவை.

அந்தப் பின்மார்க்கின் மீன் பதனிடும் சாலைகளிலேதான் 1980ஆம் ஆண்டுகளில் ஈழத்துத் தமிழர் பலர் வந்து தொழில் புரிந்தனர் என்பதை நேயர்கள் அறிந்திருக்கக்கூடும். தெற்கு நோக்கித் திரும்புகையில், மாலை வேளை சிறு துறையொன்றில் அவர்களுள் ஒருவர் ஏறினார். மறுநாட் காலை ஹம்மர்பெஸ்டில் இறங்கவேண்டியவர். நம் பேச்சைக் கேட்டதும் அருகே வந்தமர்ந்தார். நாம் கரையின் எழிலைப் புகழ, அவர் சற்று நேரம் மௌனமாயிருந்து சொன்னார்:

"நீங்கள் கப்பலிலையிருந்து கரையைப் பாக்கிறியள், ஐயா. நான் வந்த புதிசிலை கரையிலை நிண்டு கப்பலைப் பாத்தனான். மாரியிலை இரண்டு மாதம் வெயிலே இல்லை. மீன் வெட்டிக் கை விறைச்சுப் போய் வெளியிலை வந்தால், இருட்டுக்குள்ளை இது வெளிச்சத்தோடை தெற்குப் பக்கம் போகும். இதிலை ஏறினால் ஊருக்குக் கொஞ்சம் கிட்டப் போகலாம் எண்டு நினைப்பன்."

"ஏறினீர்களா?" என்று வினவினோம்.

"ஏறினனான். ஆனால், அடுத்த துறையிலை இறங்கித் திரும்பி வந்திட்டன். அங்கை போய் ஆரிட்டைப் போறது? ஊரிலை தங்கச்சியவைக்குக் காசு அனுப்ப வேணுமெல்லோ?"

அவர் இப்பொழுது அவ்வூரிலேயே வீடு வாங்கிவிட்டார். பிள்ளைகள் தெற்கே சென்று தங்கிவிட்டனர். அவரோ போக மனமின்றி இருக்கின்றார். காரணம் வினவியபோது, "கப்பல் வாற சத்தம் கேளாட்டில் நித்திரை வராது" என்று சிரித்தார். காலையில் அவர் இறங்கிச் செல்கையில், துறையில் நின்று கையசைத்தார். அவ்வளவு தூரம் படம் பிடித்துக்கொண்டு வந்த நம் பிரயாணிகளுள் ஒருவரும் அவரைப் படம் பிடிக்கவில்லை.

2011ஆம் ஆண்டில் நோர்வே தொலைக்காட்சியினர் இக்கப்பற் பயணத்தை 134 மணி நேரம் இடைவிடாது நேரடியாகக் காட்டினர். காட்சி காட்டுவதற்காகவே எழுந்த அந்நிகழ்ச்சியில், துறைகளிற் கூடிநின்று கொடியசைத்த ஊர் மக்களே பின்னர் காட்சியாயினர்.

நேயர்களே, நீண்ட பயணத்துக்குப் புறப்படுவோர் கம்பளியும் மருந்தும் மறவாது எடுத்துச் செல்வர். அவற்றோடு, உடன் வருபவரிடம் கேட்கச் சில கேள்விகளையும் எடுத்துச் செல்வது நன்று. ஒரு துறையில் ஏறி மறு துறையில் இறங்குபவருக்கு நம்மருகே ஓர் ஆசனத்தை ஒழித்துக் கொடுப்பதும் நன்று. மலைகள் எங்கும் போய்விடமாட்டா. அடுத்த துறையில் இறங்கிவிடுபவர் மனிதரே.