பாதி நிறுவையில் தராசைத் தொடாதே: நமுனுகுலயிலிருந்து ஒரு கொள்கைப் பிரகடனம்

நமுனுகுல மலையின் கீழ் வாழும் நாங்கள் இன்று ஓர் இயக்கத்தைத் தொடங்குகிறோம். மோட்டார் பந்தயத்தின் தொழில்நுட்ப விதிகள் போட்டி தொடங்குமுன் எழுதி முடிக்கப்பட வேண்டும். எல்லோரும் வாசிக்கும்படி வெளியே வைக்கப்பட வேண்டும். பெரியவருக்கும் சிறியவருக்கும் ஒரே அளவாக நிற்க வேண்டும். இதற்காகவே கூடியிருக்கிறோம். இயக்கத்தின் பெயரை முதல் பொதுக்கூட்டம் தீர்மானிக்கட்டும். கொள்கையை இன்றே சொல்லிவிடுகிறோம்.

நாங்கள் யார்

பதுளையிலும் பசறையிலும் கராஜ்களில் எண்ணெய்க் கையோடு நிற்பவர்கள். பண்டாரவளைப் பாதையில் திரீவீல் ஓட்டுபவர்கள். கொழுந்து லொறிச் சாரதிகள். தோட்டப் பாடசாலையில் படித்துத் தொழிற்பயிற்சிக்குப் போன பிள்ளைகள். ஞாயிறு பின்னேரங்களில் ஒரே கைப்பேசித் திரையைச் சுற்றி ஐந்தாறு பேராக உட்கார்ந்து ஃபார்முலா 1 பார்ப்பவர்கள்.

லயத்துப் பிள்ளைகளுக்கு இந்தப் பந்தயம் எதற்கு என்று கேட்கிறார்கள். எங்களுக்கு இரண்டு விஷயங்கள் நன்றாகத் தெரியும். ஒன்று, வளைவும் இறக்கமும். கொழுந்து மூட்டையோடு மலையிறங்கும் லொறியில், எக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்தால் எஞ்சினே வண்டியைப் பிடித்து வேகத்தைக் குறைக்கும் என்பது எங்களுக்குச் சின்ன வயதிலேயே தெரியும். "நியூட்ரலில் விடாதே, கியரில் இறங்கு" என்பதே எங்கள் அப்பாமார் சொல்லித்தந்த முதல் பாடம்.

இரண்டாவது, தராசு. கொழுந்து மடுவத்தில் கூடையை இறக்கிய பிறகு, ஈரத்துக்கு இவ்வளவு கழிவு, சாக்குக்கு இவ்வளவு கழிவு என்று கணக்கு மாறுவதைப் பார்த்து வளர்ந்தவர்கள் நாங்கள். பேருக்கு, அதாவது ஒரு நாள் முழுச் சம்பளத்துக்கு, இத்தனை கிலோ என்று காலையில் சொன்னது பின்னேரம் வேறாகி, நாள் முழுவதும் மலையில் நின்ற அம்மாவுக்கு அரைப்பேர் விழுந்த கதை எங்கள் வீடுகளில் உண்டு. நிறுக்கத் தொடங்கிய பின் தராசைத் தொடுவது என்றால் என்னவென்று எங்களுக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை.

அதனால்தான் 2011ஆம் ஆண்டின் புகைக்குழாய்த் தகராறு எங்களை விட்டுப் போகவில்லை.

புகை எப்படிக் காரை அழுத்தியது

பந்தயக் காரின் அடித்தளம் பின்முனையில் மேல்நோக்கி விரிந்து எழும். அந்தப் பகுதிக்கு டிஃபியூசர் என்று பெயர். காரின் அடியில் ஓடும் காற்று அங்கே விரிந்து வெளியேறும்போது அடியில் அழுத்தம் குறைகிறது. கார் தரையோடு ஒட்டிக்கொள்கிறது. பின்சக்கரங்கள் கிளப்பும் கலங்கிய காற்று இதைக் கெடுக்கும். சூடாகவும் வேகமாகவும் வரும் எஞ்சின் புகையை டிஃபியூசரின் ஓரத்தில் பாய்ச்சினால், அது திரைபோல நின்று அந்தக் காற்றைத் தடுக்கிறது. 1983இல் ரெனோ அணியின் ஆர்.இ.40 கார் இந்த வழியைத் திறந்தது. 2010இல் ஏட்ரியன் நியூவி வடிவமைத்த ரெட் புல் ஆர்.பி.6 அதை மீண்டும் கொண்டுவந்தது.

இதில் ஒரு குறை இருந்தது. வளைவுக்குள் நுழையும்போது ஓட்டுநர் காலை எடுப்பார், புகை குறையும், பிடிப்பு மிகவும் தேவைப்படும் அந்த நொடியில் அழுத்தமும் குறையும். பொறியியலாளர்கள் எஞ்சினின் மென்பொருளை மாற்றினார்கள். கால் எடுத்த பின்னும், எஞ்சினுக்குக் காற்றை விடும் திராட்டில் திறந்தே இருந்தது. சிலர் பெற்றோல் இல்லாமல் வெறும் காற்றை எஞ்சின் வழியாகத் தள்ளினார்கள். அது குளிர் ஊதல். சிலர் பெற்றோலையும் விட்டு, தீப்பொறியைத் தாமதமாக்கி, புகைக்குழாய்வரை எரியவிட்டார்கள். அது சூடான ஊதல். அந்த நொடிகளில் எஞ்சின் சக்கரத்துக்காக வேலை செய்யவில்லை. காற்றுக்காக வேலை செய்தது.

2022இல் திரீவீலுக்குக் கிழமைக்கு 5 லீற்றர் என்ற கியூ.ஆர். பங்கீட்டுக்காக வரிசையில் நின்றவர்கள் நாங்கள். வண்டியை நகர்த்தாத பெற்றோல் என்பது எங்கள் காதில் வேறுவிதமாக ஒலிக்கிறது. ஆனாலும் இந்த அறிவுக்கூர்மையை நாங்கள் பழிக்கவில்லை. கராஜில் வேலை செய்பவன் நல்ல வேலையை மதிக்காமல் இருக்க முடியாது. எங்கள் கேள்வி விதியைப் பற்றியது.

2011இல் நடந்தது

காற்றோட்டத்தைப் பாதிக்கும் எந்தப் பாகமும் அசையாமல் பொருத்தப்பட்டிருக்க வேண்டும் என்பது பழைய விதி. ஓட்டுநர் காலை எடுத்த பின்னும் காற்றோட்டத்துக்காகவே எஞ்சினை ஊதவிடுவது அந்த விதியை மீறுகிறதா? சர்வதேச மோட்டார் சம்மேளனமான எஃப்.ஐ.ஏ., சார்லி வைட்டிங் தொழில்நுட்பப் பொறுப்பில் இருந்த காலத்தில், மீறுகிறது என்ற முடிவுக்கு வந்தது. ஆனால் அந்த முடிவு வந்தபோது பருவம் ஓடிக்கொண்டிருந்தது.

மே மாதம் ஸ்பெயின் போட்டிக்கு முன்பு கட்டுப்பாடு அறிவிக்கப்பட்டு ஒத்திவைக்கப்பட்டது. ஜூன் மாதம் வலென்சியாவில், தகுதிச் சுற்றுக்கும் போட்டிக்கும் இடையே எஞ்சின் அமைப்பை மாற்றக்கூடாது என்ற தடை வந்தது. ஜூலையில் சில்வர்ஸ்டோனில், கால் எடுத்தபின் திராட்டில் எவ்வளவு திறந்திருக்கலாம் என்பதற்கு எல்லை விதித்தார்கள். எஞ்சினின் ஆயுளைக் காக்க வேண்டும் என்ற காரணத்தில் விலக்குகள் கேட்கப்பட்டன. வெள்ளிக்கிழமை ரெட் புல் பயன்படுத்திய ரெனோ எஞ்சினுக்கு ஒரு விலக்கு இருந்தது. சனிக்கிழமை காலை அது போய்விட்டது. ரெட் புல்லின் கிறிஸ்டியன் ஹோர்னரும் மக்லாரனின் மார்ட்டின் விட்மார்ஷும் பத்திரிகையாளர் முன்னிலையிலேயே இதைப் பற்றி வாதாடினார்கள்.

ஜூலை 10, ஞாயிற்றுக்கிழமை, பெராரியின் பெர்னாண்டோ அலொன்சோ வென்றார். அந்த ஆண்டு பெராரிக்குக் கிடைத்த ஒரே வெற்றி அது. அதே வார இறுதியில் அணிகள் உடன்பட்டு, அடுத்த ஜெர்மனி போட்டியிலிருந்து வலென்சியா நிலைக்கே திரும்பின. கடும் கட்டுப்பாடு ஒரேயொரு போட்டியில்தான் வாழ்ந்தது.

அந்த வெற்றியில் ஓட்டுநரின் திறமை எவ்வளவு, காரின் முன்னேற்றம் எவ்வளவு, விதியின் பங்கு எவ்வளவு? ரெட் புல் ஓட்டுநர் வெட்டலின் கார் பிட் நிறுத்தத்தில் ஜாக் கோளாறால் நேரம் இழந்ததையும் சேர்த்துப் பாருங்கள். எவராலும் பிரித்துச் சொல்ல முடியாது. பருவ நடுவில் விதியைத் தொட்டால் தோற்றவருக்கு மட்டும் அநியாயம் நடப்பதில்லை. வென்றவரின் வெற்றிமீதும் ஒரு கேள்வி ஒட்டிக்கொள்கிறது. அலொன்சோவுக்கு அது தகாது.

தமிழ்நாட்டிலிருந்து வந்த இரண்டு பேர் அந்தப் பருவத்தில் இருந்தார்கள். கோயம்புத்தூரின் நரேன் கார்த்திகேயன், ஹிஸ்பானியா அணியில். சென்னையின் கருண் சந்தோக், லோட்டஸ் காரில், அதே ஜெர்மனி போட்டியில். இருவரும் வரிசையின் பின்பகுதியில் ஓடியவர்கள். முன்வரிசை அணிகளின் ஊதலை எதிர்த்து முறையீடு செய்வது பற்றி ஹிஸ்பானியாவின் தலைவர் கொலின் கொலஸ் வெளிப்படையாகப் பேசினார். பெரிய அணிகள் திராட்டில் திறப்பின் சதவீதத்துக்குச் சண்டையிட்டபோது, அந்தச் சதவீதத்தால் ஒன்றும் பெறாதவர்களும் அதே பந்தயத்தில் ஓடினார்கள் என்பதை நாங்கள் மறக்கமாட்டோம்.

எங்கள் கொள்கைகள்

ஒன்று. பருவம் தொடங்கிய பின் தராசைத் தொடக்கூடாது. தவறு தெரிந்தால் அடுத்த பருவத்துக்கான விதியில் திருத்துங்கள். அப்படிச் செய்ய முடியும் என்பதற்கு 2012 சாட்சி. புகைக்குழாயின் வாய் எங்கே, எந்தக் கோணத்தில், எந்த வடிவில் இருக்க வேண்டும் என்று முன்கூட்டியே எழுதினார்கள். அப்போதும் மக்லாரனும் சௌபரும், காரின் பக்க உடலின் வளைவோடு புகையை ஒட்டிச் செல்லவைத்துத் தரைக்கு இறக்கும் வழியைக் கண்டார்கள். அது விதிக்குள் நின்று செய்த வேலை, வாழ்த்துகிறோம். 2014இல் புகைக்குழாயின் வாய் பின்புறத்தில் காரின் நடுக்கோட்டுக்கு வந்தது. டிஃபியூசரை ஊதும் கதை முடிந்தது. யாருடைய வெற்றியிலும் கறை படவில்லை.

இரண்டு. விதியின் நோக்கம் விதிக்குள்ளேயே எழுதப்பட வேண்டும். 1978இல் சுவீடனின் ஆண்டர்ஸ்டார்ப் ஓடுதளத்தில் பிரபாம் கார் பின்னால் ஒரு பெரிய விசிறியோடு வந்தது. எஞ்சினைக் குளிர்விக்கத்தான் என்றார்கள்; காரைத் தரையோடு உறிஞ்சியதும் அதே விசிறிதான். நிக்கி லௌடா வென்றார், வெற்றி நிலைத்தது, அந்தக் கார் மறுபடி போட்டிக்கு வரவில்லை. 33 ஆண்டுகள் கழித்தும் அதே வாதம் திரும்பியது: எஞ்சினைக் காக்கவா, காற்றுக்காகவா? 2012 ஜெர்மனி போட்டியில் ரெட் புல்லின் எஞ்சின் மேப் (எஞ்சினின் மென்பொருள் அமைப்பு) பற்றிப் புகார் எழுந்தது. அணியின் எல்லா வாதங்களையும் நடுவர்கள் ஏற்கவில்லை. ஆயினும் விதி மீறப்படவில்லை என்றே தீர்ப்பளித்தார்கள். எழுத்தில் இருந்ததை வைத்துத் தீர்ப்பளித்ததை நாங்கள் மதிக்கிறோம். எழுத்தில் நோக்கம் இல்லாத இடத்தில் நடுவரின் நேர்மைக்கும் வழி இருப்பதில்லை.

மூன்று. கடிதத்தில் வாழும் விதி விதியாகாது. தொழில்நுட்ப வழிகாட்டல்கள் அணிகளுக்கு அனுப்பப்படும் கடிதங்கள். பார்வையாளர் கைக்கு அவை வருவதில்லை. ஒரு பந்தயத்தின் முடிவை மாற்றக்கூடிய எந்த விளக்கமும், எந்த விலக்கும், காரணத்தோடு அன்றே வெளியிடப்பட வேண்டும். மடுவத்தில் கழிவு எவ்வளவு என்பதைப் பலகையில் எழுதி வை என்று எங்கள் அம்மாமார் கேட்டதும் இதைத்தான்.

நான்கு. விலக்கு கேட்கும் உரிமை எல்லோருக்கும் ஒன்றாக இருக்க வேண்டும். பெரிய எஞ்சின் உற்பத்தியாளரின் வார்த்தைக்கு ஒரு நிறை, கடைசி வரிசைக் காரின் முறையீட்டுக்கு இன்னொரு நிறை என்று இருக்கக்கூடாது.

ஐந்து. உயிருக்கு ஆபத்து என்றால் மட்டும் தராசை அந்த நொடியே நிறுத்து. இதை எழுதும்போது எங்கள் கை நடுங்குகிறது. 2024 ஏப்ரல் 21, ஞாயிற்றுக்கிழமை, எங்கள் பதுளை மாவட்டத்திலேயே, தியத்தலாவை ஃபொக்ஸ் ஹில் பந்தயத்தில் ஒரு கார் பாதையை விட்டு விலகி மக்களுக்குள் பாய்ந்தது. 7 பேர் இறந்தார்கள். அவர்களில் ஒரு சிறுமிக்கு வயது 8. புத்தாண்டு முடிந்த அந்த வாரத்தில் எங்கள் பகுதியிலிருந்தும் பலர் பந்தயம் பார்க்கப் போயிருந்தார்கள். பந்தயத்தை நேசிக்கும் எங்களுக்கு அந்தச் சிறுமியிடம் ஒரு கடன் உண்டு. வேகத்துக்கான விதி பருவம் முடியும்வரை காத்திருக்கலாம். பார்வையாளருக்கும் ஓடுபாதைக்கும் இடையிலான தூரம் ஒரு நிமிடமும் காத்திருக்காது.

ஆறு. விதி புரியும் மொழியில் இருக்க வேண்டும். தகராறு வந்தால் ஆங்கில வாசகமே முடிவானது என்று ஃபார்முலா 1 விதிப் புத்தகமே சொல்கிறது. அது அவர்களின் ஏற்பாடு. அதற்காக எங்கள் பிள்ளைகள் விதியைத் தமிழில் வாசிக்காமல் இருக்க வேண்டும் என்று யாரும் எழுதிவைக்கவில்லை.

நாங்கள் செய்யப்போவது

கோரிக்கையோடு நிற்கமாட்டோம். ஒவ்வொரு போயா நாளிலும் கூடி, விதிப் புத்தகத்தின் ஒரு பகுதியைத் தமிழில் வாசிப்போம். டிஃபியூசர், திராட்டில், எஞ்சின் மேப் ஆகியவற்றைக் கராஜில் கழற்றிவைத்த பாகங்களைக் காட்டிப் பிள்ளைகளுக்கு விளக்குவோம். பெண் பிள்ளைகளும் ஸ்பேனரோடு வருவார்கள். வாசலில் எவரையும் நிறுத்தமாட்டோம்.

நாட்டுக்குள் நடக்கும் போட்டிகளிலிருந்தே தொடங்குவோம். 1934இல் நுவரெலியாவில் தொடங்கிய மகாகஸ்தோட்டை மலையேற்றப் போட்டி முதல் தியத்தலாவை வரை, அமைப்பாளர்களிடம் மூன்றைக் கேட்போம்: தொழில்நுட்ப விதிகளை மூன்று மொழிகளிலும் முன்கூட்டியே வெளியிடுங்கள், பரிசோதனையின் முடிவைப் பலகையில் எழுதுங்கள், பார்வையாளர் எங்கே நிற்கலாம் என்பதைக் கோடு போட்டுக் காட்டி, அந்தக் கோட்டைக் காப்பாற்றுங்கள்.

எங்களுக்குள்ளும் இதே கட்டுப்பாடு. கூட்டத்தின் விதியை ஆண்டின் தொடக்கத்தில் எழுதுவோம், நடுவில் மாற்றமாட்டோம். யாருக்காவது விலக்குக் கொடுத்தால் காரணத்தை எல்லோர் முன்னும் வாசிப்போம்.

பசறையிலிருந்தும், ஹாலிஎலயிலிருந்தும், மடூல்சீமையிலிருந்தும், லுணுகலையிலிருந்தும் வாருங்கள். ரெட் புல்லை விரும்புகிறவரும் வரலாம், பெராரியை விரும்புகிறவரும் வரலாம். ஒரே நிபந்தனைதான்: உங்கள் அணிக்கு நன்மை தரும் மாற்றமாக இருந்தாலும், பருவ நடுவில் வந்தால் அதை எதிர்க்க வேண்டும்.

நிறுக்கத் தொடங்கிய பின் தராசில் கை வைக்கமாட்டோம். கை வைப்பவர் நம்மவராக இருந்தாலும் பார்த்துக்கொண்டு சும்மா நிற்கமாட்டோம். இது மடுவத்தின் முன் கூடையோடு காத்து நின்ற எங்கள் அம்மாமார் மீது ஆணை.