'நானுக்கு' என்று சொல்வீர்களா?



லாஸ்பேட்டையில் எங்கள் பக்கத்து வீட்டு ஒன்பதாம் வகுப்பு மாணவி, 'ஐ, மீ, மை' என்று அட்டவணையை உருப்போட்டுக் கொண்டிருந்தாள். "அப்பா தம்பிக்கும் எனக்கும் பேனா கொடுத்தார். இதை ஆங்கிலத்தில் சொல்" என்றேன். "அப்பா கேவ் மை பிரதர் அண்ட் ஐ பென்ஸ்" என்றாள்.

"தமிழில் 'தம்பிக்கும் நானுக்கும்' என்பாயா?" என்று கேட்டதும் சிரித்துவிட்டாள். 'ஐ' இல்லை, 'மீ' என்று தானே திருத்திக் கொண்டாள்.

'நான்' என்பது என்னை, எனக்கு, எனது என மாறுவதைப் பேசிப் பேசியே பழகினீர்கள். இந்த வேற்றுமைகளை அன்றே எட்டு வகையாக விளக்கியது தொல்காப்பியம். 1,000 ஆண்டுகளுக்கு முன் ஆங்கிலப் பெயர்ச்சொற்களுக்கும் வேற்றுமை உருபுகள் இருந்தன. அவை பெரும்பாலும் உதிர்ந்துவிட்டன. 'ஐ - மீ', 'ஹி - ஹிம்' போன்ற சொற்களில்தான் அந்த மாற்றம் இன்றும் தெளிவாகத் தெரிகிறது.

பணியில் இருந்தபோது நானும் அட்டவணையை ஒப்பிக்க வைத்தவன்தான். அது மட்டும் போதாது என்று இப்போது புரிகிறது. தடுமாறினால் முதலில் தமிழில் சொல்லிப் பாருங்கள். 'நான்' வந்தால் 'ஐ'. 'என்னை', 'எனக்கு' வந்தால் பெரும்பாலும் 'மீ'. 'எனக்குப் பசிக்கிறது' போன்ற சில இடங்களில் மட்டும் ஆங்கிலம் வேறு வழியில் போகும். அங்கே 'ஐ'தான் வரும்.

ஆங்கிலம் வராது என்று கூச்சப்படாதீர்கள். உங்கள் தாய்மொழியே உங்களுக்கு நல்ல ஆசிரியர்!