சூப்பர்டிராம்ப்: நீங்கள் யார் கட்சி?



2025 செப்டம்பரில் ரிக் டேவிஸ் காலமானார். வயது 81. ‘சூப்பர்டிராம்ப்’ என்ற ஆங்கில ராக் குழுவைத் தொடங்கியவர். கடைசிவரை அந்தப் பெயரைத் தன்னிடமே வைத்திருந்தவர். அவர் போய்விட்டார். ஆனால் ரசிகர்களுக்குள் நடக்கும் அந்தப் பழைய வழக்கு மட்டும் இன்னும் முடிந்தபாடில்லை. சூப்பர்டிராம்ப் என்றால் டேவிஸா, குழுவின் இன்னொரு பாடகரான ரோஜர் ஹாட்ஜ்சனா?

எங்கோ இருக்கிற ஒரு குழுவின் பஞ்சாயத்து நமக்கெதற்கு என்று நினைக்கலாம். எந்த வீட்டில் எல்லோருக்கும் ஒரே பாட்டு பிடித்திருக்கிறது, சொல்லுங்கள்? காரில் ஏறி உட்கார்ந்ததும் ‘இதை மாத்துப்பா’ என்று பின்சீட்டிலிருந்து ஒரு குரல் வரத்தானே செய்கிறது? ரசனையில் ஏன் இவ்வளவு பிடிவாதமாக இருக்கிறோம் என்பதற்கு இவர்கள் கதையைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியவில்லை.

பெயரே தெரியாதவர்களும் ‘தி லாஜிக்கல் சாங்’ பாட்டை எங்காவது கேட்டிருப்பீர்கள். 1979-ல் வந்தது. எலெக்ட்ரிக் பியானோ விடாமல் தட்டிக்கொண்டே போகும். மேல் ஸ்தாயியில் ஒரு மெல்லிய ஆண்குரல் பாடும். நடுவில் சாக்ஸபோன் புகுந்து வெளுத்துக் கட்டும். டொராண்டோவில் இருக்கும் நம் வாசகர்களுக்கு இந்த அறிமுகம்கூடத் தேவைப்படாது. கனடாவில் இவர்களுடைய ஆல்பங்கள் பத்து லட்சம் பிரதிகளுக்கு மேல் விற்றவை. பழைய ராக் பாட்டுப் போடும் ரேடியோவில் இன்றும் வருகிறார்கள்.

இவர்களைப் பற்றிப் பேச்செடுத்தால் நடுவில் நிற்பவர்கள் குறைவு.

ஒரு கட்சிக்கு 1974-ன் ‘கிரைம் ஆஃப் தி செஞ்சுரி’தான் எல்லாமே. நீண்ட பாடல்கள். பள்ளிக்கூடம், தனிமை, மனநோய் விடுதி என்று கனமான விஷயங்கள். தயாரித்தவர் கென் ஸ்காட், பீட்டில்ஸ் ஒலிப்பதிவுகளில் வேலை பார்த்துப் பழகியவர். ஒலி அத்தனை துல்லியம் என்பதால், புது ஸ்பீக்கர் வாங்குபவர்கள் இந்த ரெக்கார்டைப் போட்டுத்தான் சோதித்துப் பார்ப்பார்கள். அதன் பிறகு இவர்கள் காசுக்காக இறங்கிவிட்டார்கள் என்பது இந்தக் கட்சியின் தீர்ப்பு.

அடுத்த கட்சிக்கு 1979-ன் ‘பிரேக்ஃபாஸ்ட் இன் அமெரிக்கா’. அமெரிக்காவில் ஆறு வாரம் முதலிடம், இரண்டு கிராமி விருதுகள். அதன் அட்டைப்படத்தை எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் பார்த்துக்கொண்டிருக்கலாம். விமான ஜன்னல் வழியே நியூயார்க் தெரிகிறது. ஆனால் கட்டடங்களெல்லாம் சீரியல் டப்பா, முட்டை அட்டை, சாஸ் பாட்டில், அடுக்கிய கப்புகள்! சுதந்திர தேவி சிலை நிற்க வேண்டிய இடத்தில் ஓட்டலில் பரிமாறும் ஒரு அம்மாள் சிரித்தபடி நிற்கிறார். தீப்பந்தத்துக்குப் பதில் கையில் ஆரஞ்சு ஜூஸ். நாலு நிமிடத்தில் மனதில் ஒட்டிக்கொள்ளும் பாட்டுகள்தான் இவர்கள் பலம் என்கிறது இந்தக் கட்சி.

மூன்றாவதாக ஒரு கூட்டமும் உண்டு. ராக் என்று சொல்ல மிருது, பாப் என்று சொல்லச் சிக்கல், இரண்டிலும் சேராத குழு என்று ஒதுக்குபவர்கள். 1977-ல் இங்கிலாந்து இளைஞர்கள் பங்க் இசையின் மூன்று நிமிட ஆவேசத்தில் இருந்தபோது, இவர்கள் சர்ச்சிலின் உரையையெல்லாம் உள்ளே வைத்துப் பத்து நிமிடத்துக்கு மேல் ஓடும் பாட்டைப் போட்டார்கள். கோபம் வராமல் இருக்குமா?

இந்தச் சண்டையை ரசிகர்கள் கிளப்பவில்லை என்பதுதான் என் எண்ணம். அது குழுவுக்குள்ளேயே இருந்தது.

டேவிஸ், ரயில் பட்டறைகளுக்குப் பேர்போன ஸ்விண்டனில் பிறந்தவர். அம்மா முடிதிருத்தும் நிலையம் நடத்தினார். அப்பா கப்பலில் வேலை பார்த்தவர். சின்ன வயதில் டிரம்ஸ், பிறகு பியானோ. ஜாஸும் புளூஸும் அவர் ரத்தத்தில் ஊறியவை. ஹாட்ஜ்சன் அவரைவிட ஆறு வயது சின்னவர். பத்து வருடம் விடுதிப் பள்ளிகளில் வளர்ந்தவர். பெற்றோர் பிரிந்தபோது அப்பா விட்டுப்போன கிட்டார்தான் அவர் கைக்கு வந்த முதல் வாத்தியம். அவருடைய நாட்டம் ஆன்மிகம், யோகா என்று போனது. 1977 ஆல்பத்தில் ‘பாபாஜி’ என்றே ஒரு பாட்டு இருக்கிறது. ரஜினியின் ‘பாபா’ படத்துக்குப் பிறகு நம்மூரில் வீட்டுக்கு வீடு தெரிந்த அதே மகாவதார் பாபாஜிதான்!

இந்த இரண்டு பேரையும் சேர்த்து வைத்தது 1969-ல் வந்த ஒரு பத்திரிகை விளம்பரம். ஒரு டச்சுக் கோடீஸ்வரர் செலவைப் பார்த்துக்கொண்டார். முதல் இரண்டு ஆல்பங்களும் போணியாகவில்லை. 1972-ல் அவரும் விலகிக்கொண்டார். அப்புறம் இங்கிலாந்தின் கிராமப்புறத்தில் ஒரு பண்ணை வீட்டில் எல்லோரும் ஒன்றாகத் தங்கி ஒத்திகை பார்த்து உருவானதுதான் அந்த 1974 ஆல்பம். தங்களைக் கைவிட்டுப்போன அந்த மனிதருக்கே அதைக் காணிக்கையாக்கினார்கள். எனக்கு இவர்கள்மேல் மரியாதை வந்தது அந்தச் சின்ன விஷயத்தால்தான்.

பாட்டுகளுக்குக் கீழே டேவிஸ், ஹாட்ஜ்சன் என்று இருவர் பெயரும் சேர்ந்தே இருக்கும். ஆனால் எழுதியது பெரும்பாலும் தனித்தனியாக. எழுதியவரே பாடுவார். அதனால் குரலைக் கேட்டாலே யார் பாட்டு என்று தெரிந்துவிடும். கரகரத்த, தரையில் நிற்கிற குரல் என்றால் டேவிஸ். மேலே பறக்கிற குரல் என்றால் ஹாட்ஜ்சன். ஒரே ஆல்பத்துக்குள் இப்படி இரண்டு மனிதர்கள் மாறி மாறி வரும்போது, கேட்பவர் கட்சி பிரியாமல் என்ன செய்வார்?

1983-ல் ஹாட்ஜ்சன் விலகினார். இசையில் ஒத்துப்போகவில்லை என்பது ஒரு காரணம். குடும்பத்தோடு இருக்க வேண்டும், பிள்ளைகளை வளர்க்க வேண்டும் என்பது இன்னொன்று. வட கலிஃபோர்னியாவின் மலைப்பகுதிக்குப் போய்விட்டார். குழந்தைப் பருவத்தை விடுதிகளில் கழித்த மனிதர், உலகமே கேட்டுக்கொண்டிருந்த நேரத்தில் மேடையை விட்டுவிட்டுத் தன் பிள்ளைகள் பக்கத்தில் போய் உட்கார்ந்தார். இதைக் கோழைத்தனம் என்று எழுதிய ரசிகர்களும் உண்டு. என்னால் அப்படிப் பார்க்க முடியவில்லை.

அதன் பிறகு நடந்தது அண்ணன் தம்பி பாகப்பிரிவினை மாதிரிதான். பெயர் ஒருவரிடம், புகழ்பெற்ற பாட்டுகளில் பாதி இன்னொருவரிடம். டேவிஸின் குழு பின்னாளில் ஹாட்ஜ்சன் பாட்டுகளையும் மேடையில் பாடியது. ஹாட்ஜ்சனுக்கு அதில் வருத்தம். நியாயம் யார் பக்கம்? எழுதியவருக்கு உரிமை உண்டுதான். ஆனால் சாக்ஸபோன் வாசித்த ஜான் ஹெல்லிவெல் இல்லாமல் ‘தி லாஜிக்கல் சாங்’கை நினைத்துப் பார்க்க முடியுமா? அந்த வாசிப்பும் பாட்டின் பாதி உயிர். அதையும் கணக்கில் எடுக்க வேண்டாமா?

ஹாட்ஜ்சன் கட்சிக்காரர்கள் ஒன்றைக் கவனிக்கத் தவறுகிறார்கள் என்று நினைக்கிறேன். அவர் தனியாகப் போட்ட ஆல்பங்களில் இனிமை இருக்கிறது, உரசல் இல்லை. டேவிஸ் தனியாக நடத்திய காலத்தில் நல்ல வாசிப்பு இருக்கிறது, அந்த ஏக்கம் இல்லை. ஒருவருக்கு ஒருவர் முட்டுக்கட்டையாக இருந்த அந்தப் பத்து வருடத்தில்தான் இருவருடைய சிறந்த பாட்டுகளும் வந்தன. ஹாட்ஜ்சன் உருகும்போது டேவிஸின் பியானோ அதட்டுகிறது. டேவிஸ் உறுமும்போது ஹாட்ஜ்சனின் குரல் மேலே வந்து தாங்குகிறது. ‘குட்பை ஸ்ட்ரேஞ்சர்’ கேட்டுப் பாருங்கள், டேவிஸின் பாட்டுதான். ஆனால் பல்லவியில் அந்த உச்சக் குரலை எடுத்துவிட்டால் என்ன மிஞ்சும்?

பிள்ளையை ஹாஸ்டலில் விட்டிருக்கும் பெற்றோருக்கு ஒரு வார்த்தை. ‘தி லாஜிக்கல் சாங்’ ஹாட்ஜ்சனின் அந்த விடுதி வாழ்க்கையிலிருந்து வந்த பாட்டு. எல்லாவற்றையும் சொல்லிக்கொடுத்தார்கள், நான் யார் என்பதை மட்டும் யாரும் பேசவில்லை என்ற குறைதான் அதன் உள்ளடக்கம். துள்ளலான மெட்டு என்பதால் பலர் இதைக் கவனிக்காமலே ஆடியிருக்கிறார்கள். மார்க் என்ன என்று கேட்டு போனை வைக்கும் நமக்கு இந்தப் பாட்டோடு சம்பந்தமில்லை என்று சொல்ல முடியுமா?

புதிதாகக் கேட்பவர்கள் ‘ஸ்கூல்’ பாட்டில் ஆரம்பியுங்கள். 1974 ஆல்பத்தின் முதல் பாட்டு. தொடக்கத்தில் டேவிஸின் மவுத் ஆர்கன் தனியாக அழும். பிறகு ஹாட்ஜ்சன் கிட்டத்தட்டக் காதோடு பேசுகிற மாதிரி பாடுவார். பள்ளி மைதானத்தின் இரைச்சல் மெல்ல ஏறும். ஒரு குழந்தையின் வீறிடல், உடனே மொத்தக் குழுவும் உள்ளே பாயும். நடுவில் வரும் பியானோ டேவிஸுடையது. இயர்போன் வேண்டாம். வீட்டில் எல்லோரும் இருக்கும்போது ஸ்பீக்கரில் போடுங்கள். பத்தாவது படிக்கும் பெண்ணும் அவள் தாத்தாவும் ஒரே பாட்டைப் பற்றி வேறு வேறு மாதிரி பேசுவதைக் கேட்க நன்றாக இருக்கும்.

அது பிடித்தால் அதே ஆல்பத்தில் ‘ரூடி’. தனியாக ரயிலில் போகிற ஒருவனைப் பற்றி டேவிஸ் எழுதியது. இருவர் குரலும் எதிரெதிராக வரும்.

பிடிக்காவிட்டாலும் எழுதுங்கள். ஏன் பிடிக்கவில்லை என்று இரண்டு வரி சேர்த்து எழுதினால் அடுத்த இதழில் போடுகிறோம்.

அன்புடன்,
ஆசிரியர்