தீவுக் குழந்தையின் கண்ணும் முதல் ஒரு மணி நேரமும்

நடு அந்தமானை அடுத்துள்ள லாங் ஐலண்டுக்குச் சாலை வழி கிடையாது. ரங்கத் அருகிலுள்ள எரட்டா படகுத்துறையிலிருந்து கடல்வழியே செல்ல வேண்டும். தீவுகளின் முதன்மை அரசு மருத்துவமனையான ஜி.பி. பந்த் மருத்துவமனை ஸ்ரீ விஜயபுரத்தில், அதாவது 2024 வரை போர்ட் பிளேர் எனப்பட்ட நகரில், இருக்கிறது. தரைவழிப் பயணமும் எளிதன்று. ஜாரவா காப்பகத்தின் ஊடாகச் செல்லும் அந்தமான் நெடுஞ்சாலையில் பொது வாகனங்கள் குறித்த நேரங்களில் மட்டுமே காவலுடன் அணியாக அனுப்பப்படுகின்றன.

இத்தகைய இடத்தில் ஒரு குழந்தையின் கண்ணில் தூண்டில் முள்ளோ குச்சியோ குத்திவிட்டால் என்ன செய்வது? கண்கோளம் கிழிந்திருந்தால் 24 மணி நேரத்துக்குள் தைத்து மூடுவதே நல்லது. தாமதிக்குந்தோறும் உட்கண்ணில் கிருமித்தொற்று ஏற்படும் அபாயம் கூடுகிறது. படகுக்கும் வாகன அணிக்கும் காத்திருக்கும் பொழுதும் இந்த 24 மணி நேரத்தில்தான் கழிகிறது.

ஆனால், பெரும்பாலான இழப்பு படகு புறப்படும் முன்பே நேர்ந்துவிடக்கூடும். கண்ணைக் கசக்குவது, நீர் விட்டுக் கழுவுவது, தாய்ப்பால் விடுவது, தைத்திருக்கும் பொருளைப் பிடுங்குவது ஆகிய யாவும் அன்பினால் செய்யப்படுபவை. கிழிந்த கண்ணுக்கு இவை யாவும் தீங்கானவை. அழும் குழந்தையின் இமையை வலிந்து திறந்தால், அந்த அழுத்தத்தில் கண்ணின் உட்பொருள் வெளியேறலாம். கண்ணைத் தொடாதவாறு ஒரு காகிதக் குவளையின் அடிப்பகுதியை மேலே கவிழ்த்து ஒட்டுவதே உரிய முதலுதவி. மயக்க மருந்து தேவைப்படும் என்பதால் உணவும் நீரும் தரலாகாது. வாந்தியும் கண்ணின் அழுத்தத்தைக் கூட்டும். அதைத் தடுக்கும் மருந்தையும், நுண்ணுயிர்க்கொல்லியையும், தேவையெனில் டெட்டனஸ் தடுப்பூசியையும் அருகிலுள்ள சுகாதார நிலையத்திலேயே கொடுத்துவிடலாம்.

சுண்ணாம்பு தெறித்தால் விதி நேர்மாறானது. அப்போது கழுவாமல் இழக்கும் ஒவ்வொரு நிமிடமும் கருவிழியை அரிக்கிறது. ஒட்டியிருக்கும் துகள்களை அகற்றி, தூய நீரால் குறைந்தது அரை மணி நேரம் இடைவிடாது கழுவிய பின்னரே பயணம். எப்போது கழுவுவது, எப்போது மூடுவது என்னும் இந்த ஒரு வேறுபாட்டை ஆசிரியரும் அங்கன்வாடிப் பணியாளரும் படகோட்டியும் அறிந்திருக்க வேண்டும்.

எல்லாத் தீவுகளிலும் கண் மருத்துவரை அமர்த்துக எனக் கோருவது எளிது. நடைமுறையில் அது அரிது. நியாயமான கோரிக்கைகள் வேறு. சுகாதார நிலையம் ஒவ்வொன்றிலும் கண் காப்பு மூடி இருக்க வேண்டும். காயத்தின் படத்தைப் பார்த்து உடனே வழிகாட்ட நகரில் ஒரு மருத்துவர் இருக்க வேண்டும். யாவற்றினும் முதன்மையாக, உயிருக்கு ஆபத்தில்லை என்பதைக் காட்டிக் கண் காயத்தை அடுத்த நாள் படகுக்குத் தள்ளிவைக்கலாகாது.

குழந்தைக்குத் தையலோடு சிகிச்சை முடிவதில்லை. ஏறத்தாழ எட்டு வயது வரை பார்வை வளர்ந்துகொண்டிருக்கிறது. காயம் ஆறிய பின்னும் அந்தக் கண் பயன்படுத்தப்படாவிட்டால், மூளை அதைப் புறக்கணித்துச் 'சோம்பேறிக் கண்' ஆக்கிவிடும். ஆகவே நல்ல கண்ணை மறைத்துப் பயிற்சி அளிக்க வேண்டும். கண்ணாடியை மாற்ற வேண்டும். மாதக்கணக்கில் மீண்டும் மீண்டும் கடல் கடக்க வேண்டும். அன்றாடக் கூலியை இழந்து அப்பயணத்தை மேற்கொள்ளும் பெற்றோருக்கு உதவாத எந்தத் திட்டமும் கண்ணைத் தைத்துவிட்டுப் பார்வையைக் கைவிடுகிற திட்டமே.