ஏழைக் குழந்தைக்கு மட்டும் குறையும் தொகை: அமெரிக்கக் குழந்தை வரிச் சலுகையின் கணக்கு

அமெரிக்காவில் 17 வயதுக்கு உட்பட்ட குழந்தைகளை வளர்க்கும் குடும்பங்களுக்கு அந்நாட்டின் ஒன்றிய அரசு ஆண்டுதோறும் வரிச் சலுகை வழங்குகிறது. 2025 ஜூலை 4 அன்று அதிபர் டிரம்ப் கையெழுத்திட்ட சட்டம், ஒரு குழந்தைக்கு 2,000 டாலராக இருந்த அத்தொகையை 2,200 டாலராக உயர்த்தியது. ஆண்டுக்கு 4 லட்சம் டாலர் ஈட்டும் தம்பதியரின் குழந்தைக்கு இது முழுமையாகக் கிடைக்கும். ஆண்டுக்கு 2,500 டாலர்கூட ஈட்ட இயலாத தாயின் குழந்தைக்கு ஒரு காசும் கிடைக்காது.

இச்சட்டத்தின் எந்தப் பிரிவிலும் நிறம் குறிப்பிடப்படவில்லை. ஆயினும், 2017ஆம் ஆண்டின் விதிமுறைகளை ஆராய்ந்த கொலம்பியா பல்கலைக்கழக ஆய்வாளர்கள், பெற்றோரின் வருமானம் போதாமையால் முழுத்தொகையைப் பெறாத குழந்தைகள் மூன்றில் ஒரு பங்கினர் எனக் கண்டறிந்தனர். கறுப்பின, லத்தீன் அமெரிக்கக் குழந்தைகளிடையே இப்பங்கு ஏறத்தாழப் பாதி. அனைவருக்கும் பொதுவானது எனச் சொல்லப்படும் ஒரு சட்டம் இவ்வளவு பெரிய பாகுபாட்டை எப்படி விளைவிக்கிறது? விடை அதன் கணக்கில் இருக்கிறது. 1972இல் மும்பையில் உருவான தலித் பேந்தர்ஸ் இயக்கம் தன் பெயரையே கறுப்பினப் போராட்டத்திலிருந்து எடுத்துக்கொண்டது. அந்த உறவை மதிக்கும் நாம், இந்தக் கணக்கையும் கற்றறிவது அவசியம்.

கணக்கு இயங்கும் முறை

வரிச் சலுகை என்பது செலுத்த வேண்டிய வரியிலிருந்து நேரடியாகக் கழிக்கப்படும் தொகை. 5,000 டாலர் வரி செலுத்த வேண்டிய குடும்பத்தில் இரு குழந்தைகள் இருந்தால் 4,400 டாலர் கழிக்கப்பட்டு, 600 டாலர் மட்டுமே செலுத்த நேரும். வருமான வரி கட்டும் அளவுக்கு ஈட்டாத குடும்பத்தில் கழிப்பதற்கு வரியே இல்லை. அத்தகைய குடும்பங்களுக்குச் சலுகையின் ஒரு பகுதியைப் பணமாக அளிக்கச் சட்டம் இடம் தருகிறது. ஆனால் அதற்கு இரு வரம்புகள் உண்டு. பணமாகக் கிடைப்பது 2025இல் குழந்தைக்கு 1,700 டாலரைத் தாண்டாது. மேலும், பெற்றோர் உழைத்து ஈட்டிய வருமானத்தில் 2,500 டாலருக்கு மேற்பட்ட தொகையின் 15 விழுக்காடு மட்டுமே வழங்கப்படும்.

ஓர் எடுத்துக்காட்டைப் பார்ப்போம். ஒன்றிய அரசின் குறைந்தபட்ச ஊதியம் மணிக்கு 7.25 டாலர், 2009க்குப் பின் அது உயர்த்தப்படவில்லை. கறுப்பின மக்கள் பெருமளவில் வாழும் மிசிசிப்பி, அலபாமா, லூசியானா ஆகிய தென்மாநிலங்கள் தமக்கெனக் குறைந்தபட்ச ஊதியச் சட்டம் எதையும் இயற்றவில்லை. அங்கே இவ்வூதியத்தில் வாரம் 40 மணி நேரம், ஆண்டின் 52 வாரமும் உழைக்கும் ஒரு தாய் 15,080 டாலர் ஈட்டுவார். அவருக்கு ஒரு குழந்தை மட்டும் இருந்தால் 1,700 டாலர் கிடைக்கும். இரு குழந்தைகள் இருந்தால் கிடைப்பது 1,887 டாலர். அதாவது, இரண்டாம் குழந்தைக்கு இச்சட்டம் நிர்ணயிக்கும் மதிப்பு 187 டாலர். மூன்றாவது குழந்தை பிறந்தால் தொகை உயரவே உயராது. அதே நாட்டில் 4 லட்சம் டாலர் ஈட்டும் தம்பதியருக்கு ஒவ்வொரு குழந்தைக்கும் 2,200 டாலர் சேர்ந்துகொண்டே போகும்.

முழுநேரம் உழைப்பவரின் நிலையே இது. மாற்றுத்திறனாளிக் குழந்தையைப் பேணுவதற்காக வேலையை விட்ட தாய், நோயுற்ற தந்தை, ஓய்வூதியத்தில் பேரக்குழந்தைகளை வளர்க்கும் பாட்டி ஆகியோருக்கு உழைப்பு வருமானம் இல்லை. ஆகவே தொகையும் இல்லை. உழைக்கும் ஏழைகளுக்கென வேறொரு வரிச் சலுகை இருப்பது உண்மை. அதுவும் ஊதியம் பெறுவோருக்கு மட்டுமே உரியது. குழந்தையின் தேவை பெருகும் வேளையில் உதவி சுருங்கும் வகையிலேயே இந்தக் கணக்கு அமைந்துள்ளது.

தகுதி என்னும் பழைய ஆயுதம்

உதவி பெறத் ‘தகுதியுடைய ஏழை’ யார் என்னும் கேள்வி அமெரிக்காவில் நெடுங்காலமாக நிறத்தோடு பிணைந்தே வந்துள்ளது. 1935ஆம் ஆண்டின் சமூகப் பாதுகாப்புச் சட்டம், முதியோர் ஓய்வூதியத்திலிருந்தும் வேலையின்மைக் காப்பீட்டிலிருந்தும் வேளாண் தொழிலாளர்களையும் வீட்டுவேலை செய்வோரையும் விலக்கியது. அன்றைய கறுப்பினத் தொழிலாளர்களில் பெரும்பான்மையோர் இவ்விரு தொழில்களில்தான் இருந்தனர். அதே சட்டத்தின் வழியே தொடங்கப்பட்ட ஏழைக் குழந்தைகளுக்கான உதவித்தொகையை மாநிலங்கள் தம் விருப்பப்படி நடத்தின. லூசியானா 1960இல் ‘தகுந்த வீடு’ என்னும் ஒழுக்க விதியைக் காட்டிச் சுமார் 23,000 குழந்தைகளை அத்திட்டத்திலிருந்து நீக்கியது. அவர்களில் மிகப் பெரும்பாலோர் கறுப்பினக் குழந்தைகள். தாய்க்கு ஓர் ஆணோடு உறவு இருந்தாலே குழந்தையின் உதவியை நிறுத்திய அலபாமாவின் விதியை 1968இல் உச்ச நீதிமன்றம் செல்லாதென்றது.

இவ்விழிவுகளுக்கு எதிராக ஜானி டில்மன் போன்ற ஏழைக் கறுப்பினத் தாய்மார்கள் தேசிய நல்வாழ்வு உரிமை அமைப்பில் திரண்டனர். பிள்ளை வளர்ப்பதும் உழைப்பே என்றும், அடிப்படை வருமானம் உரிமையே என்றும் அவர்கள் முழங்கினர். அரசு எதிர்த்திசையில் நடந்தது. 1996இல் அதிபர் கிளின்டன் கையெழுத்திட்ட சட்டம் ஏழைத் தாய்மாருக்கான உதவியை உரிமை என்னும் நிலையிலிருந்து இறக்கி, வேலை நிபந்தனைகளோடும் கால வரம்போடும் பிணைத்தது. அடுத்த ஆண்டே, 1997இல், குழந்தை வரிச் சலுகை பிறந்தது. 500 டாலர் என்னும் அச்சலுகை, வரி கட்டும் நடுத்தரக் குடும்பங்களை மனத்தில் வைத்தே வகுக்கப்பட்டது. ஏழைத் தாயின் உதவிக்கு நிபந்தனை கூடியதும், வசதியான குடும்பத்தின் குழந்தைக்கு நிபந்தனையற்ற சலுகை உருவானதும் ஓராண்டு இடைவெளியில் நிகழ்ந்தவை.

ஆறு மாதங்கள் உணர்த்திய உண்மை

மாற்று சாத்தியமே என்பதற்குச் சான்று 2021. கொரோனா நிவாரணச் சட்டத்தின் கீழ், அந்த ஓராண்டுக்கு மட்டும், தொகை ஆறு வயதுக்கு உட்பட்ட குழந்தைக்கு 3,600 டாலராகவும், 17 வயது வரையிலான மற்றவர்களுக்கு 3,000 டாலராகவும் உயர்த்தப்பட்டது. அதனினும் முக்கியமானது, வருமானமே இல்லாத குடும்பத்துக்கும் முழுத்தொகை உண்டு என்ற மாற்றம். அதில் பாதி, ஜூலை முதல் டிசம்பர் வரை மாதந்தோறும் 300 அல்லது 250 டாலராக வங்கிக் கணக்குகளுக்கு வந்தது. ஆறு கோடிக்கும் மேற்பட்ட குழந்தைகளை இது எட்டியது.

அமெரிக்க மக்கள்தொகைக் கணக்கெடுப்புத் துறை, அரசு உதவிகளையும் சேர்த்துக் கணக்கிடும் துணை வறுமை அளவீட்டின்படி, 2020இல் 9.7 விழுக்காடாக இருந்த குழந்தை வறுமை 2021இல் 5.2 விழுக்காடாகச் சரிந்தது. வேறு நிவாரணங்களும் அதற்குத் துணைநின்றன. எனினும் இச்சலுகை மட்டுமே 29 லட்சம் குழந்தைகளை வறுமைக் கோட்டுக்கு மேலே நிறுத்தியதாக அத்துறை கணக்கிட்டது. குடும்பங்கள் அப்பணத்தை உணவு, வாடகை, பள்ளிச் செலவு, கடன் ஆகியவற்றுக்கே பெரிதும் செலவிட்டன. இலவசப் பணம் கிடைத்தால் பெற்றோர் வேலையை விட்டுவிடுவர் என்ற அச்சுறுத்தலுக்கு, அம்மாதங்களின் வேலைவாய்ப்புத் தரவுகளை ஆராய்ந்த பெரும்பாலான ஆய்வுகள் ஆதாரம் காணவில்லை.

இருந்தும் அது நீடிக்கவில்லை. நீட்டிப்புக்கான மசோதா 2021 நவம்பரில் கீழவையில் நிறைவேறியது. இரு கட்சிகளும் சரிபாதியாக இருந்த செனட்டில் குடியரசுக் கட்சி முழுவதும் எதிர்த்தது. பெற்றோருக்கு வேலை நிபந்தனை வேண்டும் என வலியுறுத்திவந்த ஜனநாயகக் கட்சி உறுப்பினர் ஜோ மான்சினும் டிசம்பரில் ஆதரவை மறுத்தார். பழைய கணக்கு திரும்பியது. 2022இல் குழந்தை வறுமை 12.4 விழுக்காடாகவும், 2023இல் 13.7 விழுக்காடாகவும் ஏறியது. ஏழைக் குடும்பங்களுக்கான தொகையைச் சற்றே கூட்ட முயன்ற மற்றொரு மசோதா 2024 ஆகஸ்டில் செனட்டிலேயே முடங்கியது. 2025ஆம் ஆண்டின் சட்டமோ, சலுகை கோரும் பெற்றோரில் ஒருவருக்கேனும் வேலை செய்யத் தகுதி தரும் சமூகப் பாதுகாப்பு எண் இருக்க வேண்டும் என்று புதிதாக விதித்துள்ளது. இதனால் அமெரிக்கக் குடிமக்களான குழந்தைகள்கூட, பெற்றோர் ஆவணமற்ற குடியேறிகள் என்பதற்காக விலக்கப்படுகின்றனர்.

நமக்கான கேள்விகள்

வரிச் சட்டத்தின் வழியாகக் குழந்தைகளுக்கு உதவும் ஏற்பாடு இந்தியாவுக்கும் புதிதன்று. வருமான வரிச் சட்டத்தின் 80சி பிரிவு, பழைய வரிமுறையில், இரு குழந்தைகளின் கல்விக் கட்டணத்தை மொத்த வரம்பான 1.5 லட்சம் ரூபாய்க்குள் வருமானத்திலிருந்து கழித்துக்கொள்ள அனுமதித்து வந்தது. வரி கட்டும் அளவுக்கு ஈட்டாத வேளாண் கூலிக்கோ தூய்மைப் பணியாளருக்கோ அதனால் பயனில்லை. அவர்களின் பிள்ளைகள் நாடுவது பத்தாம் வகுப்புக்குப் பிந்தைய கல்வி உதவித்தொகையை. அதற்கோ 2.5 லட்சம் ரூபாய் வருமான வரம்பு, சாதிச் சான்றிதழ், வருமானச் சான்றிதழ், ஆதார் இணைந்த வங்கிக் கணக்கு ஆகியவை வேண்டும். முன்னதை அரசு ‘ஊக்கம்’ என்கிறது. பின்னதைச் செலவு என்கிறது. இரண்டும் அதே கருவூலத்தின் பணமே.

எனவே எந்த நலத்திட்டத்தையும் அதன் பெயரைக் கொண்டோ மொத்த ஒதுக்கீட்டைக் கொண்டோ மட்டும் நாம் மதிப்பிடலாகாது. பணம் எந்த வாயில் வழியே வருகிறது, வருமானம் இறங்க இறங்கத் தொகை கூடுகிறதா குறைகிறதா, பெற்றோர் வேலையிழந்த மாதத்தில் குழந்தைக்கு என்ன கிடைக்கும் என்னும் மூன்றையும் கேட்க வேண்டும். கல்லூரி வட்டங்களிலும் இயக்கக் கூட்டங்களிலும் திட்ட விதிகளைக் கையில் வைத்துக்கொண்டு, மிகக் கீழே உள்ள குடும்பம் ஒன்றுக்குக் கிடைக்கும் தொகையைப் பைசா வரை கணக்கிட்டுப் பார்ப்போம். குழந்தையின் உரிமை பெற்றோரின் ஊதியத்தைப் பொறுத்ததன்று என்ற கோரிக்கையை அந்தக் கணக்கோடு சேர்த்தே முன்வைப்போம்.