கட்டடம் பார்ப்பதா, பட்டறை பார்ப்பதா?

மே, சூன் திங்கள்கள் வந்துவிட்டால் நம் ஊர்ச் சுவர்களிலும் பேருந்துகளின் முதுகிலும் கல்லூரிப் பெயர்கள் பளிச்சிடத் தொடங்குகின்றன. பத்தாம் வகுப்புத் தேறிய பிள்ளைகளை அழைத்துக்கொண்டு பெற்றோர் வாயில்தோறும் ஏறி இறங்குகின்றனர். தமிழ்த்துறையில் அமர்ந்திருக்கும் நம்மிடமும் சிலர் வந்து, "ஐயா, இந்தத் தொழில்நுட்பக் கல்லூரி நல்லதுதானா? பையனை நம்பிச் சேர்க்கலாமா?" என்று வினவுகின்றனர். இலக்கணம் கற்பிப்போர்க்கு இயந்திரக் கல்வியில் என்ன வேலை என்று ஒதுங்கிக்கொள்ள நம் மனம் இசைவதில்லை. கேட்பவர் நம் மாணவரின் தந்தை. அவர் கையில் இருப்பதோ நகையை அடகு வைத்துப் பெற்ற பணம். வசதி படைத்தோர் ஒரு கல்லூரி தவறினால் மற்றொன்றை நாடலாம். ஏழைக் குடும்பத்திற்கு வாய்ப்பு ஒருமுறைதான் வருகிறது.

சில ஆண்டுகளுக்கு முன் நம் துறையில் பயின்ற மாணவி ஒருவரின் தம்பி, தனியார் தொழில்நுட்பக் கல்லூரி ஒன்றில் மூன்றாண்டு இயந்திரவியல் பட்டயம் பயின்றார். வானளாவிய கட்டடம், பளிங்குத் தரை, வாயிலில் நீரூற்று. நல்ல மதிப்பெண்ணுடன் வெளிவந்த அவரிடம், வேலைக்கான முதல் நேர்காணலில் ஓர் இரும்புத் துண்டையும் வெர்னியர் அளவியையும் கொடுத்து விட்டம் அளக்கச் சொன்னார்களாம். அளவியின் இலக்கணத்தை வரி பிறழாமல் ஒப்பித்தவருக்கு அதனைக் கையில் பிடிக்கத் தெரியவில்லை. "பட்டறைக்கு அழைத்துப் போனார்கள், ஆனால் ஒருவர் செய்ய நாங்கள் முப்பது பேர் சுற்றி நின்று பார்த்தோம்" என்று அவர் நம்மிடம் கூறியபோது, இக்கட்டுரையை எழுதியாக வேண்டும் என்ற எண்ணம் பிறந்தது.

தொழிற்கல்வி நிறுவனத்தை எடைபோடும் தராசு எது? கட்டடம் அன்று, பட்டறையே என்பது நம் கருத்து.

முதலாவதாக, ஒப்புதல். பட்டயப் படிப்பு நடத்தும் பாலிடெக்னிக் கல்லூரிக்கு அகில இந்தியத் தொழில்நுட்பக் கல்விக் குழுவின் ஒப்புதல் வேண்டும். 1945ஆம் ஆண்டு தோன்றிய இக்குழு, 1987ஆம் ஆண்டுச் சட்டத்தால் அதிகாரம் பெற்ற அமைப்பாயிற்று. தொழிற்பயிற்சி நிலையங்களோ வேறு நிருவாகத்தின்கீழ் வருவன. அங்குப் பயின்றோர் பெறவேண்டியது தேசியத் தொழிற்சான்றிதழ். 'அரசு ஒப்புதல் பெற்றது' என்று பொதுப்படக் கூறுவது போதாது. எந்த அமைப்பின் ஒப்புதல், எந்தப் பாடப்பிரிவிற்கு, எந்த ஆண்டிற்கு, எத்தனை இடங்களுக்கு என்று கேட்டல் வேண்டும். வளைகுடா நாடுகளுக்குச் செல்லும் எண்ணத்துடன் பயில்வோர் நம் பகுதியில் பலர். சான்றிதழுக்குச் சான்றொப்பம் பெறச் செல்லும் நாளில்தான் அதன் உண்மை மதிப்பு பலருக்கும் தெரியவருகிறது. அதனைச் சேரும் நாளிலேயே அறிந்துகொள்வது நன்று.

ஒப்புதல் வேறு, தரச்சான்று வேறு என்பதும் நினைவிற்கொள்ளத் தக்கது. ஒப்புதல் என்பது கல்லூரி நடத்தத் தேவையான குறைந்த அளவுத் தகுதியையே காட்டுகிறது. 1994ஆம் ஆண்டு தோற்றுவிக்கப்பெற்ற தேசியத் தர அங்கீகார வாரியம், கல்லூரி முழுமைக்கும் அன்றிப் பாடப்பிரிவு ஒவ்வொன்றிற்கும் தனித்தனியே, அதுவும் குறிப்பிட்ட கால அளவிற்கே தரச்சான்று வழங்குகிறது. மின்னியல் பிரிவு பெற்ற சான்றைக் காட்டிக் கட்டடவியல் பிரிவிற்கு மாணவரைச் சேர்த்தல் முறையாகுமா?

இரண்டாவதாக, பட்டறை. கொல்லன் உலையும் துருத்தியும் கண்ட நம் மொழியில் பட்டறை என்பது பழகிய சொல். கைகள் கற்கும் இடம் அது. சேர்க்கைக்கு முன் பட்டறையைப் பார்க்க இசைவு கேளுங்கள். மறுத்தால் அம்மறுப்பே விடையாகும். இசைந்தால் இயந்திரங்களை உற்று நோக்குங்கள். கடைசல் இயந்திரத்தின் அடியில் இரும்புச் சுருள்கள் உதிர்ந்து கிடக்கின்றனவா? எண்ணெய்ப் பிசுக்கு உள்ளதா? அன்றி, வாங்கிய நாளின் உறை கலையாமல் காட்சிப் பொருளாக நிற்கின்றனவா? ஓர் இயந்திரத்திற்கு எத்தனை மாணவர், வாரத்திற்கு எத்தனை மணி நேரம் அவர்கள் தம் கையால் வேலை செய்கின்றனர் என்பதை ஆசிரியரிடம் அன்று, மாணவரிடம் கேளுங்கள்.

மூன்றாவதாக, ஆசிரியர். ஆண்டுதோறும் ஆசிரியர் மாறிக்கொண்டே இருக்கும் கல்லூரியில் கல்வி வேரூன்றுவதில்லை. இங்குத் தமிழைப் பற்றியும் ஒரு சொல். அண்ணா பல்கலைக்கழகம் 2010ஆம் ஆண்டிலேயே கட்டடவியல், இயந்திரவியல் பொறியியல் பட்டப் படிப்புகளைத் தமிழ்வழியில் தொடங்கியது. ஆங்கிலம் வேண்டா என்பதன்று நம் கருத்து. தொழிலுலகில் அது தேவையே. எனினும், தமிழ்வழியில் பத்தாம் வகுப்புப் பயின்ற பிள்ளைக்கு முதலாண்டில் தமிழில் விளக்கம் தரும் ஆசிரியர் உண்டா என்று கேட்பது பெற்றோரின் உரிமை. புரியாமல் மனனம் செய்த மாணவர்தான் அளவியைப் பிடிக்கத் தெரியாமல் நிற்கிறார்.

நான்காவதாக, வேலைவாய்ப்பு. 'நூறு விழுக்காடு வேலை' என்ற பலகையைக் கண்டு மயங்குவோர் பலர். நூறு என்பது எத்தனை பேரில் நூறு? 60 பேர் பயின்ற வகுப்பில் 20 பேர் மட்டும் நேர்காணலுக்கு அனுப்பப்பெற்று, அந்த 20 பேரும் தேர்வானால் அதுவும் நூறு விழுக்காடே. எஞ்சிய 40 பேர் எங்கே போனார்கள்? தேர்வானோர் தாம் பயின்ற தொழிலில் அமர்ந்தனரா? ஓராண்டு கழித்தும் அவ்வேலையில் உள்ளனரா? மேலும், 1961ஆம் ஆண்டுத் தொழில் பழகுநர் சட்டத்தின்கீழ்ப் பெறும் பயிற்சி நற்பயன் தருவது. அதற்கு உதவித்தொகையும் உண்டு. ஆயினும் பழகுநரை வேலையில் அமர்த்தியே தீரவேண்டும் என்ற கட்டாயத்தை அச்சட்டம் பொதுவாக விதிக்கவில்லை. பழகுநர் பயிற்சியை நிலையான வேலை என்று கணக்குக் காட்டுவது பெற்றோரை ஏமாற்றுவதாகும்.

ஐந்தாவதாக, செலவும் மேற்செல்லும் வழியும். சொல்லப்படும் கட்டணத்துடன் பேருந்து, விடுதி, சீருடை, தேர்வு ஆகியவற்றின் செலவையும் சேர்த்து மூன்றாண்டுக் கணக்கை எழுதி வாங்குங்கள். மூலச் சான்றிதழ்களைக் கல்லூரி பிடித்துவைத்துக்கொள்ளுதல் விதிகளுக்குப் புறம்பானது என்பதை அறிந்திருங்கள். பட்டயம் முடித்தோர் பொறியியல் பட்டப் படிப்பின் இரண்டாம் ஆண்டில் நேரடியாகச் சேர வழியுண்டு. முன்னே சென்ற மாணவருள் எத்தனை பேர் அவ்வழியில் சென்றனர் என்பதும் ஒரு நல்ல அளவுகோல்.

இவ்வளவும் கூறியபின் ஒன்றை அழுத்திச் சொல்ல விரும்புகிறோம். அரசு நிறுவனம் என்றால் சுவரில் வண்ணம் இல்லை, வாயிலில் வளைவு இல்லை என்று நம் மக்கள் தயங்குகின்றனர். அத்தயக்கத்திற்குப் பல்லாயிரம் ரூபாய் விலை கொடுக்கின்றனர். 71 அரசு தொழிற்பயிற்சி நிலையங்களைப் புதிய இயந்திரங்களுடன் மேம்படுத்தத் தமிழ்நாட்டு அரசு 2022ஆம் ஆண்டு டாடா டெக்னாலஜிஸ் நிறுவனத்துடன் ஒப்பந்தம் செய்தது. அதே ஆண்டு மாணவியர்க்கெனப் புதுமைப்பெண் திட்டமும், 2024ஆம் ஆண்டு மாணவர்க்கெனத் தமிழ்ப் புதல்வன் திட்டமும், அரசுப் பள்ளியில் பயின்று உயர்கல்வி பெறுவோர்க்குத் திங்கள்தோறும் 1,000 ரூபாய் வழங்குவனவாகத் தொடங்கப்பெற்றன. பட்டயமும் தொழிற்பயிற்சியும் அவற்றுள் அடங்கும். அரசு நிறுவனங்கள் எல்லாம் குறையற்றவை என்றோ, தனியார் கல்லூரிகள் எல்லாம் குறையுடையவை என்றோ நாம் கூறவில்லை. இரண்டையும் ஒரே தராசில் நிறுக்க வேண்டும் என்பதே நம் வேண்டுகோள்.

'தொழிற்கல்வி என்பது வேலைக்கு மட்டுமா? மனிதனை உருவாக்குவது அன்றோ கல்வி?' என்று சிலர் வினவலாம். உண்மையே. ஆனால், வேலை தருவதாக வாக்களித்துப் பணம் பெறும் நிறுவனம் அவ்வாக்கைக் காப்பதே அறக்கல்வியின் முதற்பாடம் அன்றோ?

இறுதியாக, இத்தராசு நமக்கும் உரியது. கலைக் கல்லூரியில் அமர்ந்து தொழில்நுட்பக் கல்லூரியைக் குறைகூறுதல் எளிது. நம்மிடம் தமிழ் பயின்று பட்டம் பெற்றோருள் எத்தனை பேர் பிழையின்றி ஒரு விண்ணப்பம் எழுத வல்லவர்? எத்தனை பேர் மெய்ப்புத் திருத்தவும், மொழிபெயர்க்கவும், மேடையில் பேசவும் தேர்ந்துள்ளனர்? நம் வகுப்பறையே நம் பட்டறை. அங்கும் ஒருவர் செய்ய முப்பது பேர் சுற்றி நின்று பார்க்கும் நிலை உண்டா என்று நம்மை நாமே கேட்டுக்கொள்வோமாக.

அடுத்த ஆண்டு ஒரு தந்தை நம் அறைக்கு வந்து, "எந்தக் கல்லூரி நல்லது?" என்று கேட்கும்போது, ஒரு பெயரைச் சொல்லி அனுப்பிவிடாமல், கேட்கவேண்டிய இவ்வினாக்களை ஒரு தாளில் எழுதிக் கொடுத்து அனுப்புவோம். அத்தாளுடன் அவர் முதலில் பட்டறைக்குச் செல்லட்டும். அலுவலகத்திற்குப் பிறகு செல்லலாம்.