‘நான் யாருன்னு தெரியுதா?’ - தலைக்காயத்திலிருந்து மீள்பவரிடம் இந்தக் கேள்வி வேண்டாமே

திண்டுக்கல் பக்கம் ஒருவர் பைக்கிலிருந்து விழுந்து தலையில் அடிபட்டால், உடனே என்ன செய்வது என்பது இன்று பலருக்கும் தெரியும். 108-க்கு போன், திண்டுக்கல் அரசு மருத்துவமனை, தேவைப்பட்டால் மதுரை ராஜாஜி மருத்துவமனை. முதல் 48 மணி நேரச் செலவுக்கு, 2021 டிசம்பரில் தொடங்கிய ‘இன்னுயிர் காப்போம் - நம்மைக் காக்கும் 48’ திட்டம் இருக்கிறது. உயிர் பிழைத்துவிடுகிறார். அதுக்கப்புறம்?

கண் விழித்த அன்றே வார்டில் கூட்டம் சேர்ந்துவிடும். வேடசந்தூரிலிருந்து சித்தப்பா, நத்தத்திலிருந்து அத்தை, சென்னையிலிருந்து வீடியோ காலில் மகன். எல்லோருக்கும் ஒரே கேள்விதான்: ‘நான் யாருன்னு தெரியுதா?’

பாசத்தில் கேட்பதுதான். ஆனால் அந்த மூளைக்கு அது பரீட்சை. காயத்துக்குப் பிறகு நாள்கணக்கில், சிலருக்கு வாரக்கணக்கில் புது நினைவுகள் சரியாகப் பதியாது. காலையில் வந்து போனவரை மாலையில் மறந்திருப்பார். படுக்கையை விட்டே நகராதவர், ‘நேத்து ஒட்டன்சத்திரம் மார்க்கெட் போயிட்டு வந்தேன்’ என்பார். பொய் இல்லை, நினைவில் விழுந்த ஓட்டையை மூளையே கதையால் நிரப்புகிறது. மறுத்து வாதாடினால் கோபம்தான் மிச்சம். ‘அப்பா, நான் உங்க மூத்த பையன். இது ஆஸ்பத்திரி. இன்னைக்குச் செவ்வாய்க்கிழமை’ என்று பதிலை நாமே சொல்லிவிடுவது நல்லது. ஒரு நேரத்தில் ஒருவர் போதும். டிவி வேண்டாம், தூக்கத்தைக் கெடுக்க வேண்டாம்.

சிலர் டியூபைப் பிடுங்குவார்கள், மனைவியையே கெட்ட வார்த்தையில் திட்டுவார்கள். ‘புத்தி பேதலிச்சிருச்சு, மந்திரிச்சுப் பார்க்கலாமா’ என்று சொந்தக்காரர்கள் ஆரம்பித்துவிடுவார்கள். பலருக்கு இது மீண்டு வரும் வழியில் வருகிற ஒரு கட்டம். யார் இதை அந்த மனைவிக்கு முன்கூட்டியே சொன்னார்கள்?

‘ஜிசிஎஸ் 15 வந்துருச்சு’ என்றதும் எல்லாம் சரியாகிவிட்டது என்று குடும்பம் நம்புகிறது. 1974-ல் கிளாஸ்கோ மருத்துவர்கள் உருவாக்கிய அந்த அளவுகோல் கண் திறப்பது, பேசுவது, கைகால் அசைப்பது மூன்றைத்தான் பார்க்கிறது. பொறுமை, கவனம், காசு எண்ணும் நிதானம் எதற்கும் அதில் மார்க் இல்லை. வீட்டுக்கு வந்தபின் ‘நல்லாத்தானே நடக்குறாரு, வேலைக்குப் போனா என்ன?’ என்ற கேள்வி வருவது இதனால்தான்.

டிஸ்சார்ஜ் அன்று மாத்திரைச் சீட்டு கொடுக்கிறோம். கூடவே குடும்பத்தை உட்கார வைத்து அரை மணி நேரம் பேசுவதைக் கட்டாயமாக்க வேண்டும் என்பது என் கருத்து. தமிழில் ஒரே ஒரு பக்கம் அச்சடித்துக் கொடுத்தாலும் போதும்: வலிப்பு மாத்திரையை நீங்களாக நிறுத்தாதீர்கள், மது கூடவே கூடாது, வலிப்பு, திரும்பத் திரும்ப வாந்தி, கூடிக்கொண்டே போகும் தலைவலி, மயக்கம், திடீரென அதிகமாகும் குழப்பம் இருந்தால் உடனே கிளம்புங்கள். ‘மக்களைத் தேடி மருத்துவம்’ 2021-லிருந்து வீட்டுக்கே வந்து பிசியோதெரபி தருகிறது. அதே வருகையில் கவனிப்பவரிடமும் பத்து நிமிடம் பேசலாமே.

ஏனென்றால் கவனிப்பவர் பெரும்பாலும் அம்மாவோ மனைவியோதான். மில் வேலையை விட்டுவிட்டு, தூங்காமல், திட்டும் வாங்கிக்கொண்டு உட்கார்ந்திருப்பவர். வெளியூரில் இருக்கும் பிள்ளைகள் வீடியோ காலை ஐந்து நிமிடத்தில் முடித்துவிட்டு, அடுத்த போனை அம்மாவுக்குப் போடுங்கள். இரண்டு ராத்திரி வார்டில் நீங்கள் படுத்தால், அவர் வீட்டில் போய்த் தூங்குவார்.